அரிசியில் கல் கலக்கும் சிப்போராள்

முறத்தில் புழுங்கலரிசியைப் பரப்பிக்கொண்டு சிப்போராள் அதில் கல் கலக்கிறாள். அள்ளிக் கொட்டிவிடுகிற வேலையல்ல அது. மடியில் ஒரு சுருக்குப்பை இருக்கிறது. அதற்குள் கழுவிக் காயவைத்த கருங்கல் துணுக்குகள். பருப்பளவு இருந்தால் பார்த்தவுடனே ஆள் சந்தேகப்படும். கடுகளவு இருந்தால் கண்ணுக்குத் தப்பிப் பல்லுக்கு வந்துவிடும். இரண்டுக்கும் நடுவானதாகச் சலித்து எடுத்து வைத்திருக்கிறாள். கோலப்பொடி தூவுவதுபோல இரண்டு விரலால் தூவுகிறாள், முறத்தை ஒரு குலுக்குக் குலுக்குகிறாள், தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள், போதாதென்று இன்னும் நாலைந்து போடுகிறாள்.

அரிசியில் கல் கலப்பவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. செவ்வாய்ப்பேட்டையிலேயே அந்த வித்தையில் கைதேர்ந்தவர்கள் உண்டென்று கேள்வி. ஆனால் அவர்கள் விற்கிற அரிசியில் கலப்பார்கள். சும்மா கொடுக்கப் போகிற அரிசியில் மெனக்கெட்டுக் கல் கலந்து, பிறகு அதற்காக ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்கிறவள் சேலம் ஜில்லாவிலேயே இவள் ஒருத்திதான்.

அஸ்தம்பட்டிச் சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம். உலையில் அரிசி போடுமுன் வீட்டுக்காரி ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பாள். வாரம் முழுவதும் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை துணிப்பையில் ஆராதனைக்கு வந்து, சபைக் கோயிலின் பின்கட்டில் இருக்கிற தகரப் பீப்பாயில் விழும். எந்தச் சாதி, எந்தச் சாமி என்று பாராமல் இல்லாதவர்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சபைப் பெண்கள் சிலரின் பொறுப்பு. சம்பளம் கிடையாது, வெயில் மட்டும் தாராளமாகக் கிடைக்கும். தொடங்கும்போது கூட்டமாகத்தான் தொடங்கினார்கள். ஒருத்திக்கு மூட்டுவலி வந்தது, ஒருத்திக்கு மருமகள் வந்தாள், ஒருத்திக்குச் செவ்வாய்ப்பேட்டைச் சாக்கடை ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் மிஞ்சியவள் சிப்போராள்.

ஐம்பதைத் தொட்ட கைம்பெண். பிழைப்புக்கு ஒரு கை மிஷின் வைத்துக்கொண்டு ரவிக்கை தைக்கிறாள். நெடிய உடம்பு, எட்டி எட்டி வைக்கிற நடை. சிப்போராள் என்ற வேதப் பெயர் பேட்டைக்காரர்களின் வாயில் நுழையாததால் அவளைச் சிப்பாயம்மா ஆக்கிவிட்டார்கள். அந்த நடைக்கு அதுதான் பொருத்தம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

இல்லாதவர்களுக்குக் கொடுப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் கொடுத்துப் பார்க்காதவர்கள். பிச்சைக்காரனுக்குக் கொடுக்கலாம், அவன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். நேற்றுவரை நாலு பேருக்குச் சோறு போட்டவன் கையை எப்படி நீட்டுவான்? செத்தாலும் சாவானே தவிர நீட்டமாட்டான். ஊரில் விலையெல்லாம் விழுந்து, தறிகளும் மண்டிகளும் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருக்கிற இந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர். அவர்களிடம் கொடுக்கப் போனால் கதவு சாத்திக்கொள்ளும். ஆகவே சிப்போராள் கொடுக்கப் போவதில்லை. உதவி கேட்டுப் போகிறாள்.

வண்டிச் சக்கரம் ஏறிக் கால் போன கருப்பண்ணனிடம் ஒரு முட்டைக்கோழியைக் கொண்டுபோய், "எங்க தெருவுல நாய்த் தொல்லை சாமி, நீ வெச்சுப் பாத்துக்க. முட்டையை நீயே எடுத்துக்க, எனக்கு ஒடம்புக்குச் சேராது" என்று விட்டு வந்தாள். அவள் தெருவில் இருக்கிற ஒரே நாய்க்குப் பல் விழுந்து வெகு காலம் ஆகிறது. தறி நின்றுபோன அங்கமுத்துவிடம் ஒரு கம்பளியைக் கொடுத்து, ஊட்டியிலிருந்து தன் தம்பி வரப்போவதாகவும், அவனுக்காக வாங்கிய கம்பளி தன் வீட்டில் இருந்தால் எலி கடித்துவிடும் என்றும், மடித்து வைத்தால் பூச்சி அரிக்குமாதலால் தினமும் போர்த்திக்கொண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். அவள் தாய்க்கு அவள் ஒரே பிள்ளை.

அங்கமுத்து யோக்கியன். குளிர் முடிந்ததும் கம்பளியைத் தட்டி மடித்துக்கொண்டு கோயில் வளாகத்துக்கே வந்து, தம்பி வந்துவிட்டாரா என்று விசாரித்தான். அது உபதேசியார் காதில் விழுந்தது. அடுத்த ஞாயிறு, பிரயாணிகளுக்கான ஜெபத்தில், மலைப்பாதையில் வந்துகொண்டிருக்கும் சகோதரி சிப்போராளின் தம்பியைக் காத்தருளும்படி சபை முழுவதும் தலைகுனிந்து வேண்டிக்கொண்டது. எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னவள் சிப்போராள். வெளியே வந்ததும் பெண்கள் தம்பியின் பெயரைக் கேட்டார்கள், ஈசாக்கு என்றாள். அதற்குப் பிறகும் பல ஞாயிறு ஈசாக்குக்கு ஜெபம் நடந்தது. பிறந்து வளர்ந்து சந்தா கட்டி வருகிற நமக்கு அதில் பாதிகூட நடந்ததில்லை.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். கஞ்சிக்கு எத்தனை என்று அளவு சொல்லவில்லை. சிப்போராள் அதற்காகக் கவலைப்படுகிறவள்தான். இராப்போஜனத்துக்கு முந்தின சனிக்கிழமை மாலை மிஷினை மூடிவிட்டு மண்டியிடுவாள். சொன்ன பொய்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்ப்பாள். பாதியிலே மறந்துபோகும். "மீதியும் உமக்குத் தெரியும், மொத்தமா மன்னிச்சுரும்" என்று எழுந்துவிடுவாள். ஆனால் இனிமேல் சொல்லமாட்டேன் என்று மட்டும் அவள் வாக்குக் கொடுத்ததில்லை. ஆண்டவரிடமாவது பொய் சொல்லக்கூடாதல்லவா?

அந்தக் கல் கலந்த அரிசி ஆராயிக்குப் போவது.

செவ்வாய்ப்பேட்டையில் ஆராயியின் புருஷன் செல்லமுத்து அரிசி மண்டி வைத்திருந்தான். விலை விழுந்ததில் மண்டியும் விழுந்தது. அவன் மேட்டூரில் அணை கட்டுகிற வேலைக்குப் போனான். எப்போதாவது யார் மூலமாவது செய்தி வரும், செய்தியோடு வேறொன்றும் வராது. இரண்டு பெண் குழந்தைகளோடு ஆராயி வீட்டுக்குள் இருந்தாள். அடுப்பில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கூரையில் புகை காட்டினாள். சபைச் சங்கத்துக்குச் செயலாளரான பள்ளிக்கூடத்துச் சத்தியநேசன் வாத்தியார் முதல் தடவை அரிசியோடு அவள் வாசலில் நின்று, ஏழைகளுக்கான உதவி என்று தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார். அவள் நிமிர்ந்து நின்று, தங்கள் வீட்டில் மூட்டை மூட்டையாக இருப்பதாகவும் இல்லாத வீட்டுக்குப் போய்க் கொடுக்கும்படியும் மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். கூட நின்ற சிப்போராளுக்கு அந்தப் பொய் பிடித்துப்போயிற்று. இது நம் சாதிதான் என்று அப்போதே மனசுக்குள் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் தனியாகப் போனாள், சுவரைத் தடவிக்கொண்டு. கண்ணில் பூ விழுந்துவிட்டது, அரிசியில் கல் தெரியவில்லை, மண்டிக்காரர் வீட்டுப் பெண்ணைவிடப் பேட்டையில் யார் நன்றாகப் புடைப்பார்கள், புடைத்துக் கொடுத்தால் பாதி அரிசி கூலி என்று கெஞ்சினாள். ஆராயி முறத்தை எடுத்தாள். அப்புறம்தான் சிப்போராளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சபைப் பெண்கள் ஆண்டவருக்கென்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய அரிசி அது. ஒரு கல்கூட இல்லை. பார்வை தெரியாதவளாயிற்றே, கல் இருப்பதாக நினைத்துவிட்டேன் என்று அன்றைக்குச் சமாளித்தாயிற்று. மறு வாரத்திலிருந்து கல் ஏற்பாடு. முதலில் பக்கத்துக் கரட்டுக் குன்றிலிருந்து வெள்ளைக்கல் கொண்டுவந்தாள். அரிசியோடு அரிசியாக ஒளிந்துகொண்டு அது ஆராயியைப் பொழுது சாயும்வரை உட்கார வைத்துவிட்டது. பாவமென்று கருங்கல்லுக்கு மாறினாள்.

ரவிக்கை தைக்கிறவளுக்குக் கண் போவது சாமானிய விஷயமா? பேட்டைக்காரர்கள் யாராவது அவள் குடியிருக்கிற ஏற்காட்டுச் சாலைப் பக்கம் வந்தால் மிஷினை மூடிப் போர்வையைப் போட்டுவிட்டு வாசலில் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்காருவாள். பேட்டைக்குள் போனால் இன்னும் ஒரு படி மேலே. ஒரு தடவை சந்துமுனையில் படுத்திருந்த செக்குமாட்டைப் பார்த்து, "யாரு சாமி, அத்தாயியா?" என்று கேட்டாள். அத்தாயி எதிர்த்திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஊர் முழுவதும் அவள் கண்ணுக்காக இரக்கப்பட்டது, அத்தாயியைத் தவிர.

இப்படி நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. ஒரு குறைதான். அரிசி போகப் போக ஆராயி இளைத்துக்கொண்டு வந்தாள். குழந்தைகளின் கன்னம் தேறியிருந்தது. தாயின் தோளெலும்புதான் துருத்திக்கொண்டு நின்றது. போதவில்லையாக்கும் என்று சிப்போராள் அரிசியைக் கூட்டினாள். அரிசிக்குத் தக்கபடி கல்லையும் கூட்டினாள். ஆராயி இன்னும் இளைத்தாள்.

விஷயம் மாரியம்மன் கோயில் வாசலில் பூக்கட்டுகிற மாரக்காளிடமிருந்து வந்தது. சுவரைத் தடவிக்கொண்டு போன சிப்போராளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பூவைத் தொடுத்தபடியே கேட்டாள்.

"ஏனுங்க சிப்பாயம்மா, கண்ணு கொஞ்சம் தேவலைங்களா? ஆராயி உங்க கண்ணுக்குன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டு ஒருசந்தி இருக்கறா. ராத்திரிக்கு வெறுந்தண்ணிதானுங்க. பார்வை திரும்புற வரைக்குமாமா."

ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு வேளைதான் சோறு. சிப்போராள் எழுந்து நேராக, சுவரைத் தடவ மறந்து, நாலு வீடு நடந்துவிட்டாள். அந்த வீட்டில் ஒரு வேளைச் சோறாவது கூடட்டும் என்று சொன்ன பொய், இருந்த வேளையிலும் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. அவள் அரிசியைக் கூட்டக் கூட்ட ஆராயிக்கு அவள் மேல் பாசம் கூடியிருக்கிறது. பாசம் கூடக் கூட நோன்பு கடுத்திருக்கிறது.

சொஸ்தமாகிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். அந்த வியாழக்கிழமை ஆராயி வீட்டுக்குள் நுழைந்ததுமே தரையில் கிடந்த ஊசியைக் குனிந்து எடுத்துக் காட்டினாள். ஆராயி மாரியம்மன் கோயில் இருக்கிற திக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் கண் கலங்கியது. பிறகு சந்தோஷமாக அரிசிப் பையைக் கட்டி அப்படியே திருப்பிக் கொடுத்தாள். இனிமேல் அக்காவே கல் பொறுக்கிக்கொள்ளலாம், தான் எதற்கு, வேலை செய்யாமல் கூலி வாங்குவது பாவம் என்றாள். பகலில்தான் தெரிகிறது, பொழுது சாய்ந்தால் தெரிவதில்லை, அரிசி போன்ற சின்னப் பொருள் என்றால் பகலிலும் மங்கல்தான் என்று சிப்போராள் அவசரமாகப் பார்வையில் பாதியைத் திரும்ப இழந்தாள்.

"அப்ப ஆத்தா பாதி குடுத்துட்டாளுங்க. மீதியும் குடுக்காம எங்க போவா" என்றாள் ஆராயி. செவ்வாய்க்கிழமைகளில் பகல் சோற்றையும் விட்டுவிடப்போவதாகச் சொன்னாள்.

கண் நன்றாக இருந்தால் அரிசி நின்றுவிடும். கெட்டிருந்தால் சோறு நின்றுவிடும். ஆப்பசைத்த குரங்காக மாட்டிக்கொண்டு சிப்போராள் அடுத்த புதன்கிழமை பின்கட்டில் முறத்தோடு உட்கார்ந்திருந்தபோதுதான் சத்தியநேசன் வாத்தியார் உள்ளே வந்தார். தலைமுறை தலைமுறையாகப் பொய்யே சொல்லாத குடும்பம் என்று அவர் வீட்டுக்குப் பெயர். காணிக்கை அரிசியில் கல் விழுவதைக் கண்ணால் பார்த்தார். சபைக்குக் கொடுத்ததில் பொய் சொன்ன புருஷனும் பெண்டாட்டியும் நின்ற இடத்திலேயே விழுந்து செத்த வேதக் கதையை அவளுக்கு நினைவூட்டினார்.

"அவங்க எடுத்து ஒளிச்சாங்க ஐயா. நான் குடுத்து ஒளிக்கறேன்" என்றாள் சிப்போராள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கோழி, கம்பளி, கண், ஒருசந்தி. ஈசாக்கு இல்லவே இல்லை என்று கேட்டபோது வாத்தியார் உண்மையாகவே வருத்தப்பட்டார். அவனுக்காக அவர் வீட்டிலும் ஜெபித்திருந்தார். கடைசியில், ஆராயியிடம் உண்மையைச் சொல்லிவிடு, உண்மை யாரையும் பட்டினி போடாது என்றார். போடும் என்று சிப்போராளுக்குத் தெரியும். ஆனால் பொய் ஏற்கனவே பட்டினி போட்டுக்கொண்டிருந்தது. கலந்த கல்லையெல்லாம் அவளே உட்கார்ந்து பொறுக்கினாள். ஒவ்வொன்றையும் பளிச்சென்று கண்ட அந்தக் கண்ணின் மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போனாள். சுவரைத் தடவவில்லை. ஆராயி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். சிப்போராள் பையைக் கீழே வைத்தாள். உட்காரக்கூட இல்லை.

"ஆராயி, என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. எப்பவும் இருந்ததில்ல. கல்லை நாந்தான் கலந்தேன்."

ஆராயி திரும்பிப் பார்த்தாள். அடுப்பு அணைந்துவிடும்போல் இருந்தது, அதை ஊதவில்லை.

"அப்ப இத்தனை நாளும் எம்புள்ளைங்க தின்னது தர்மச்சோறுங்களா அக்கா?"

சிப்போராளின் நாக்கு நுனியில் மூன்று பொய்கள் வரிசையாக வந்து நின்றன. மூன்றும் நல்ல பொய்கள். அந்த முகத்தைப் பார்த்தபின் ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

"ஆமா சாமி" என்றாள்.

ஆராயி எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தத்தான் போகிறாள், இனி இந்த வாசலில் கால் வைக்க முடியாது என்று சிப்போராள் நின்றாள். ஊர் முழுவதும் பொய் சொன்னவளுக்கு இந்த ஒரு வீடு போய்விடக்கூடாதே என்று இருந்தது. ஆராயி ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தாள். பாதிக்கு மேல் அரிசி.

"ராத்திரி நான் தின்னாம உட்டதுங்க. தினம் எடுத்துப் போட்டு வெச்சேன். தையல்காரிக்குக் கண்ணு போயிட்டா யாருங்க சோறு போடுவாங்க? அக்காளுக்கு நாம போடலாம்னு இருந்தேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இல்லாத நோவுக்கு ஆத்தாளைத் தொந்தரவு செய்தாயிற்றே, ஆத்தா என்ன நினைப்பாள் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிப்போராளால் சிரிக்க முடியவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள், வெட்கப்படாமல்.

ஆராயி பானையிலிருந்து அரிசியை அள்ளி உலையில் போட்டாள். "அடுத்த வாரமும் கொண்டாங்க, வாங்கிக்கறேன். கல்லு வேண்டாம். ஆனா வந்தா எங்க ஊட்டுல கை நனைச்சுட்டுத்தான் போகோணும். நீங்க தின்னாத்தான் நான் ஒருசந்தி உடுவேன்" என்றாள்.

கொடுக்கப் போன வீட்டில் சிப்போராள் ஒரு வாய் மோர்கூடக் குடித்ததில்லை. வெயிலில் நாக்கு வறண்டாலும் இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுவாள். இல்லாதவர்கள் வீட்டில் வாங்கக்கூடாது என்பது தன் நல்ல குணம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். ஆராயி சாத்திய கதவுக்கும் அந்த நல்ல குணத்துக்கும் அதிக வித்தியாசமில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

கையைக் கழுவிக்கொண்டு குழந்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். குழந்தைகளுக்கு வட்டில், அவளுக்கு மட்டும் ஒரு தையல் இலை. சோறும் கொள்ளு ரசமும். அவள் தின்னத் தொடங்கியதும் ஆராயியும் தன் வட்டிலில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்; முதல் கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இலையில் பாதி தீருமுன்னே எட்டிச் சட்டியை எடுத்து, அக்கா இன்னும் கொஞ்சம் என்று கரண்டியோடு குனிந்தாள். போதும் என்று இலையின் குறுக்கே நீட்டுவதற்குச் சிப்போராளின் கை தானாகவே எழுந்தது. பாதியில் அதை மடக்கிக்கொண்டு, இலையை ஆராயியின் பக்கமாக ஒரு சாண் தள்ளி வைத்தாள்.